தொழுவமும் புறாக்கூண்டும் உள்ள வில்லா

அவையோருக்கு வணக்கம்.

இத்தாலிய பாணி வில்லா என்றதும் பளிங்குத் தூணும் நீரூற்றும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். வீட்டுமனை விளம்பரங்கள் செய்த வேலை அது. இன்று நான் பேசப்போகும் வில்லாவில் மாட்டுத் தொழுவம் உண்டு.

வட இத்தாலியில் வெனிஸுக்கு உள்நாட்டுப் பக்கம் ஃபான்ட்ஸோலோ என்று ஒரு சிற்றூர். பதினாறாம் நூற்றாண்டில் வெனிஸ் பிரபுக்கள் கடல் வாணிபத்தில் சேர்த்த பணத்தை நிலத்தில் போட ஆரம்பித்திருந்தார்கள். அப்படி நிலம் வைத்திருந்த எமோ குடும்பத்துக்கு ஆந்த்ரேயா பலாடியோ என்ற கட்டடக் கலைஞர் கட்டிக்கொடுத்ததுதான் வில்லா எமோ. கல்தச்சராகத் தொழிலைத் தொடங்கியவர் பலாடியோ.

நடுவில் எஜமானர் வீடு. முகப்பில் நான்கு தூண், மேலே முக்கோண முகடு. பழைய ரோமானியக் கோயிலின் முகத்தைக் கொண்டுவந்து பண்ணை வீட்டுக்கு வைத்துவிட்டார்! கோயில்களே ஆதியில் வீடுகளைப் பார்த்துத்தான் உருவாகியிருக்க வேண்டும் என்பது அவர் வாதம். வீட்டின் இரு புறமும் வில்வளைவுகள் வரிசையாக வைத்த நீண்ட தாழ்வாரங்கள் போகின்றன. அவற்றை ஒட்டித்தான் தொழுவம், களஞ்சியம், மது நிலவறை எல்லாம். இரண்டு கோடியிலும் புறாக்கூண்டுக் கோபுரம். மழை கொட்டினாலும் முதலாளி தலை நனையாமல் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிடலாம். பலாடியோவே இதைத் தன் நூலில் குறிப்பிடுகிறார். புறாக்கூண்டால் உடையவருக்கு ஆதாயம், இடத்துக்கு அழகு என்றும் எழுதுகிறார். அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது அந்த வரியில்தான்.

வீட்டுக்கு ஏறிப்போக முன்னால் அகலமான கல் சரிவு. அதில் கதிரடித்தார்கள் என்று சொல்வாரும் உண்டு.

பளிங்கு எங்கே என்பீர்கள். பலாடியோவின் தூண்கள் பெரும்பாலும் செங்கல், ஐயா! வட்டமாக அடுக்கி, மேலே சுண்ணாம்புச் சாந்து பூசி இழைத்துவிடுவார். தூணின் அடியிலும் தலையிலும் வரும் நுண்வேலைக்குத்தான் கல். பத்தடி தள்ளி நின்றால் கல்தூணேதான்.

உலகம் நகலெடுத்ததோ வேறொன்றை. விச்சென்ஸா நகரத்தின் விளிம்பில் குன்றின்மேல் பலாடியோ கட்டிய லா ரொட்டோண்டா. சதுர வீடு, நடுவில் குவிமாடம், நான்கு பக்கமும் ஒரே மாதிரி முகப்பு, முகப்புக்கு ஆறு தூண். நாலா பக்கமும் காட்சி நன்றாக இருக்கிறது, அதனால் நாலு முகப்பு என்கிறார். மூலைகள் நேர்த்திசைகளைப் பார்க்கும்படி வீட்டைத் திருப்பி வைத்ததால் எந்த அறைக்கும் ஏதோவொரு வேளையில் வெயில் வரும். லண்டன் அருகே சிஸ்விக்கில் பர்லிங்டன் பிரபு கட்டியதும் இதன் சாயல்தான்.

ரொட்டோண்டாவைக் கட்டச் சொன்னவர் போப்பரசர் சபையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு பாதிரியார். அவருக்குத் தொழுவம் தேவைப்படவில்லை. 1570-ல் வெளியிட்ட நூலில் பலாடியோ இந்த வீட்டை வில்லாக்களோடு சேர்க்கவே இல்லை. ஊருக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லி நகர வீடுகளின் வரிசையில் வைத்துவிட்டார்.