ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வானொலியில் பேச வாருங்கள் என்று அழைப்பு வந்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஹாங்காங்தான். அங்கே ஒவ்வொரு வருடமும் ஒரு நாள் பல்லாயிரம் பள்ளி மாணவர்கள் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, வானொலியைக் கேட்டே ஒரு பொதுத் தேர்வை எழுதுகிறார்கள். மேல்நிலைப் பள்ளி முடிக்கும்போது எழுதுகிற டி.எஸ்.இ. என்ற தேர்வின் ஆங்கிலக் கேட்டல் தாள் அது. அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஆர்.டி.எச்.கே. அதைப் பண்பலையில் ஒலிபரப்பும். கையடக்க ரேடியோ, இயர்போன், மாற்று பேட்டரி எல்லாம் பிள்ளைகளே கொண்டுவர வேண்டும். ரேடியோ சரியாக எடுக்கவில்லை என்றால் போய் உட்கார்ந்து எழுதத் தனி அறை உண்டு. தேர்வுக்கு முந்தைய வாரங்களில் ஷாம் ஷுய் போ பகுதியில், மின்சாதனக் கடைகள் நிறைந்த ஆப்லியூ தெருவில், பிள்ளைகள் பெற்றோரோடு நின்று ஒவ்வொரு ரேடியோவாகத் திருகிப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன்.

காத்திருக்கும் நேரங்களில் ஒரு பழைய ஆங்கில நாட்டுப் பாடலின் மெட்டை ஒலிக்க விடுவார்கள். மெல்லிய, இனிமையான மெட்டு. ஆனால் ஹாங்காங்கில் வளர்ந்த யாரிடமாவது அதை முணுமுணுத்துப் பாருங்கள். முப்பது வயதைத் தாண்டியவர்கள்கூட "ஐயோ, அது வேண்டாம்" என்பார்கள். அடுத்து வரப்போகும் குரல் ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும் என்பது அவர்கள் வயிற்றுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஹாங்காங்கின் கவுலூன் பக்கம் ஒரு பள்ளியில் பல வருடங்கள் ஆங்கிலம் கற்பித்தவள் நான். என் மாணவர்கள் எல்லோரும் வீட்டில் கான்டனீஸ் என்ற சீன மொழி பேசுகிறவர்கள். அங்கே ஆசிரியையை "மிஸ்" என்றுதான் கூப்பிடுவார்கள், நம் ஊரைப் போலவே. ஒரு மாணவி இருந்தாள். வாசிப்புத் தாளில் வகுப்பிலேயே முன்னணியில் நிற்பாள். கேட்டல் பயிற்சியில் மட்டும் பாதிக்கு மேல் தவறவிடுவாள். ஒரு நாள், அவள் தவறவிட்ட ஒலிப்பதிவின் எழுத்து வடிவத்தை அச்சடித்துக் கொடுத்து, அதே கேள்விகளுக்கு மறுபடி விடை எழுதச் சொன்னேன். கிட்டத்தட்ட எல்லாம் சரி. தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "மிஸ், இதெல்லாம் எனக்குத் தெரிந்த வார்த்தைகள்தானே? அப்புறம் ஏன் எனக்குக் கேட்கவில்லை?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அதைத் தேடியதில் நான் தெரிந்துகொண்டதைத்தான் இன்று உங்களோடு பகிர வந்திருக்கிறேன்.

கான்டனீஸ் மொழியில் ஒரு அசை மெய்யில் முடிகிற விதம் மிகக் குறைவு. ப், ட், க் என்று முடியலாம், ஆனால் அந்த ஒலியை வாய்க்குள்ளேயே நிறுத்திவிடுவார்கள், வெளியே விடமாட்டார்கள். அல்லது ம், ன், ங் என்று முடியலாம். சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் இன்னும் குறைவு, பெரும்பாலும் ன், ங் இரண்டுதான். அசையின் கடைசியில் இரண்டு மூன்று மெய்கள் சேர்ந்து வருவது இரண்டு மொழியிலும் கிடையாது. ஆங்கிலமோ முக்கியமான சேதியையெல்லாம் சொல்லின் கடைசியில்தான் வைக்கிறது. "வாக்" என்றால் நட, "வாக்ட்" என்றால் நடந்தான். "கேன்" என்றால் முடியும், "கான்ட்" என்றால் முடியாது. அமெரிக்க உச்சரிப்பில் இந்த இரண்டும் இன்னும் நெருங்கிவிடும். அந்த ஒரு சின்ன ட் சத்தத்தில் ஒரு கேள்வியின் விடையே இருக்கும். சீன மொழியில் வினைச்சொல் காலத்துக்காக உருமாறுவதில்லை. அதனால் அந்தப் பிள்ளையின் காது அங்கே ஒரு ஒலியை எதிர்பார்ப்பதே இல்லை. எதிர்பார்க்காத ஒலி காதில் விழுந்தாலும் மனதில் பதியாது.

அப்புறம் எண்கள். நாம் லட்சம், கோடி என்று எண்ணுகிறவர்கள், இது நமக்கு உடனே புரியும். ஆங்கிலத்தில் "த்ரீ ஹண்ட்ரட் அண்ட் ஃபிஃப்டி தவுசண்ட்" என்று கேட்டால் மனதுக்குள் மூன்றரை லட்சம் என்று மாற்றிக்கொள்ள நமக்கு ஒரு நொடி வேண்டும். சீனர்கள் பத்தாயிரத்தை ஓர் அலகாக வைத்து எண்ணுகிறார்கள். மாண்டரினில் அதற்கு "வான்" என்று பெயர். அந்தத் தொகை அவர்களுக்கு முப்பத்தைந்து வான். ஒலிநாடாவில் விலையோ மக்கள்தொகையோ வரும்போது இந்தக் கணக்கைப் போட்டு முடிப்பதற்குள் அடுத்த வாக்கியம் போய்விடும். அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியவில்லை என்றா சொல்வீர்கள்?

அவன், அவள் என்று நாம் பிரித்துச் சொல்வதை மாண்டரின் பேச்சில் பிரிப்பதில்லை. எழுத்தில் இரண்டு வடிவம் உண்டு, ஒலியில் இரண்டுமே "தா" தான். ஆங்கிலம் பேசும்போது ஹி, ஷி இரண்டையும் மாற்றிச் சொல்வது அங்குள்ள ஆசிரியர்கள் தினமும் கேட்கிற பிழை. ஓர் ஆணும் பெண்ணும் இன்னொருவரைப் பற்றிப் பேசிக்கொள்ளும் உரையாடலை ஒலிக்கவிட்டு, யார் வரவில்லை என்று கேட்டால், அந்தக் கேள்வி எந்தத் திறமையை அளக்கிறது என்று தேர்வு தயாரிப்பவர்கள் யோசித்தாக வேண்டும்.

இதையெல்லாம் விட ஆழமான ஒன்றும் உண்டு. ஆங்கிலம் அவர்களுக்கு எந்த வழியாக உள்ளே போனது என்பது அது. சீனப் பெருநிலத்தில், அதாவது ஹாங்காங்குக்கு வெளியே உள்ள சீனாவில், குழந்தைகள் முதல் வகுப்பிலேயே பின்யின் என்ற ரோமன் எழுத்து முறையைக் கற்கிறார்கள். எழுத்தைப் பார்த்து ஒலியைக் கூட்டும் பழக்கம் அப்போதே வந்துவிடுகிறது. ஹாங்காங்கில் வழக்கமாக அப்படி இல்லை. சீன எழுத்துகளை ஒவ்வொரு முழு உருவமாகப் பார்த்து மனதில் பதிய வைத்துக்கொள்கிறார்கள். ஆங்கிலச் சொல்லையும் அதே போல ஒரு படமாகப் பதிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் படித்துக்கொண்டிருந்த பல்கலைக்கழக மாணவர்களை வைத்து ஹோம், டாட் என்ற இரு ஆய்வாளர்கள் 1996-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பொருளே இல்லாத, புதிதாகக் கட்டிய ஆங்கிலச் சொற்களைக் கொடுத்து வாசிக்கச் சொன்னபோது, ஹாங்காங்கிலிருந்து வந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகம் தடுமாறினார்கள். தெரிந்த சொற்களை நன்றாக வாசித்தவர்கள்தான் அவர்களும். என் மாணவியின் கேள்விக்குப் பதில் இங்கே இருந்தது. அவளுக்கு அந்தச் சொற்கள் கண்ணுக்குத் தெரிந்தவை, காதுக்கு அறிமுகமே ஆகாதவை.

சரி, பெருநிலத்துத் தேர்வைக் கொஞ்சம் பார்ப்போம். காவோகாவ் என்ற கல்லூரி நுழைவுத் தேர்வை எழுத 2024-இல் 1 கோடியே 34 லட்சம் பேர் பதிவு செய்தார்கள். பெரும்பாலான மாகாணங்களில் ஜூன் 8 பிற்பகல் ஆங்கிலம். மொத்தம் 150 மதிப்பெண், அதில் கேட்டலுக்கு 30. கேள்விகள் 20. முதல் ஐந்து சிறு உரையாடல்கள் ஒரு முறைதான் ஒலிக்கும், பிறகு வருகிற நீண்ட பகுதிகள் இரண்டு முறை. அந்த நேரத்தில் பள்ளிகளைச் சுற்றி வண்டிகள் ஹாரன் அடிக்கக் கூடாது, கட்டட வேலை நடக்கக் கூடாது. ஒரு நாடே பிள்ளைகளின் காதுக்காக அமைதி காப்பதை நான் மனதார மதிக்கிறேன்.

ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று விடைகள் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். எதையுமே கேட்காமல் குறி போடுகிறவனுக்கும் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு, அதாவது 30-க்கு 10 மதிப்பெண் வந்துவிடும். அதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. அந்த மூன்று விடைகளும் ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கின்றன. குரல் தொடங்குவதற்குள் அவற்றை வேகமாக வாசித்து முடிப்பவனுக்குத்தான் வெற்றி. அது கேட்டலுக்குள் ஒளிந்திருக்கிற ஒரு வாசிப்புத் தேர்வு. மெதுவாக வாசிக்கிற, ஆனால் நல்ல காதுள்ள ஒரு பிள்ளை இதில் தோற்றுப்போகும். மதிப்பெண் பட்டியலில் அந்தக் காரணம் தெரியவே தெரியாது.

ஹாங்காங் தாள் இந்த விஷயத்தில் மேலானது என்பது என் கருத்து. கேட்டலும் ஒருங்கிணைந்த திறன்களும் சேர்ந்த அந்தத் தாளுக்கு 30 சதவீதம், வாசிப்புக்கு 20 சதவீதம். முதல் பாதியில் கேட்டு எழுதுவது. இரண்டாம் பாதியில் ஒரு கையேட்டைக் கொடுப்பார்கள். அதில் மின்னஞ்சல், விளம்பரம், செய்தித் துணுக்கு என்று பல இருக்கும். ஒரு கூட்டத்தின் உரையாடலைக் கேட்டுக் குறிப்பெடுத்து, கையேட்டிலிருந்து தேவையானதைச் சேர்த்து, ஒரு கடிதமோ அறிக்கையோ எழுத வேண்டும். அலுவலகத்தில் நாம் செய்கிற வேலை மாதிரியே இருக்கும். ஆனால் இதிலும் எங்கே சறுக்கினான் என்று கண்டுபிடிப்பது கடினம். காதிலா, கண்ணிலா, கையிலா? எல்லாம் ஒரே எண்ணில் கலந்துபோகிறது.

வாசிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இது தமிழ் நேயர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். "நேற்று வந்த பையன்" என்று நாம் சொல்வதை மாண்டரினிலும் அதே வரிசையில்தான் சொல்கிறார்கள். நேற்று, வந்த, பையன். ஆங்கிலம் பையனை முதலில் நிறுத்திவிட்டு, நேற்று வந்த கதையை அவனுக்குப் பின்னால் கட்டித் தொங்கவிடுகிறது. அந்தக் கதைக்குள் இன்னொரு பெயர், அதற்குப் பின்னால் இன்னொரு வால். நீண்ட ஆங்கில வாக்கியத்தில் சீனப் பிள்ளைகள் திணறுவதும் நம் பிள்ளைகள் திணறுவதும் ஒரே இடத்தில்தான். வாசிக்கும்போது கண் திரும்பிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். கேட்கும்போது அந்த வசதி கிடையாது.

இப்போது வகுப்பறைக்கு வருகிறேன். எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இது. கேட்டல் பாடம் என்ற பெயரில் நாங்கள் என்ன செய்தோம்? பழைய வினாத்தாளின் ஒலிப்பதிவைப் போடுவோம். பிள்ளைகள் எழுதுவார்கள். விடையைச் சொல்வோம், திருத்துவார்கள். அடுத்த வாரம் அடுத்த வருடத்துத் தாள். இதில் கற்பித்தல் எங்கே இருக்கிறது? கேட்க வருகிறதா என்று சோதித்துக்கொண்டே இருந்தோம், எப்படிக் கேட்பது என்று சொல்லித் தரவே இல்லை. நானும் அதைத்தான் செய்தேன்.

தேர்வை மாற்றினால் கற்பித்தல் மாறிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையை முதன்முதலாகக் கவனமாகச் சோதித்த ஆய்வுகளில் ஒன்று இலங்கையில்தான் நடந்தது. அங்கே 1988-இல் சாதாரண தரப் பரீட்சை என்ற பள்ளிப் பொதுத் தேர்வுக்குப் புதிய ஆங்கிலத் தாள் வந்தது. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டயான் வால், சார்ல்ஸ் ஆல்டர்சன் இருவரும் அதன் விளைவைப் பள்ளிகளில் பல காலம் பார்த்தார்கள். எதைக் கற்பிக்கிறார்கள் என்பது மாறியது, எப்படிக் கற்பிக்கிறார்கள் என்பது மாறவில்லை என்று 1993-இல் எழுதினார்கள். ஹாங்காங்கில் 1996-இல் பழைய பொதுத் தேர்வின் ஆங்கிலத் தாளை மாற்றியபோது, லியிங் செங் என்ற ஆய்வாளர் கண்டதும் கிட்டத்தட்ட இதேதான். புதிய பாடநூல்கள் சட்டென்று கடைகளுக்கு வந்துவிட்டன. ஆசிரியர் வகுப்பில் நடத்துகிற முறை அவ்வளவு சுலபமாக மாறவில்லை.

சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் செய்கிற ஒன்று எனக்கு நம்பிக்கை தருகிறது. 2011 முதல் அங்கே கேட்டலையும் பேச்சையும் சேர்த்துக் கணினியில் தேர்வு வைக்கிறார்கள். அதன் கடைசிப் பகுதியில் ஒரு சிறு கதை ஒலிக்கும். அதைக் கேட்டுவிட்டு மாணவர் தன் சொந்த வார்த்தைகளில் திருப்பிச் சொல்ல வேண்டும். மூன்றில் ஒன்றைக் குறி போடுகிற வேலை இல்லை. கதையில் யார் வந்தார், முதலில் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று பிள்ளை சொல்லும்போது, எது காதில் விழுந்தது, எது விழவில்லை என்று நமக்கு வெளிச்சமாகத் தெரிந்துவிடும்.

அந்த மாணவியிடம் நான் கடைசியில் செய்து பார்த்தது மிகச் சின்ன விஷயம். பத்து நொடி ஒலிப்பதிவு, அவ்வளவுதான். எத்தனை முறை வேண்டுமானாலும் கேள், காதில் விழுவதை அப்படியே எழுது, புரிந்ததை எழுதாதே என்றேன். முதல் நாள் வாக்கியத்தின் பாதி ஓட்டையாக இருந்தது. பிறகு எழுத்து வடிவத்தைப் பக்கத்தில் வைத்து, ஓட்டைகளைச் சிவப்புப் பேனாவால் நிரப்பினோம். நிரப்பியதில் பெரும்பாலும் சின்னஞ்சிறு சொற்கள்தான். "டு", "ஆஃப்", "ஹாவ்", அப்புறம் அந்தக் கடைசி ட். சிவப்பைப் பார்த்துக்கொண்டே மறுபடி அந்தப் பத்து நொடியைக் கேட்பாள். "இப்போது கேட்கிறது மிஸ்" என்பாள். தினமும் மதிய இடைவேளையில் கால் மணி நேரம். சில வாரங்களில் சிவப்பு குறைந்தது. அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன். தேர்வு முடிந்ததும் அவளே கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

இவ்வளவு நேரம் காது கொடுத்ததற்கு நன்றி. வணக்கம்.