முகம் பார்த்து வாங்கிய நாய்

நேயர்களுக்கு வணக்கம். அரசுக் கால்நடை மருத்துவராக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன், பெரும்பாலும் விருதுநகர் மாவட்டத்தில். பகலெல்லாம் மாடும் ஆடும்தான். நாய்கள் மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டு வாசலுக்கு வரும். ஆனால் கல்யாண வீட்டிலும் பஸ்ஸிலும் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்பவர்கள் மாட்டைப் பற்றிக் கேட்டதே இல்லை. "டாக்டர், எங்கள் வீட்டுக்கு என்ன நாய் வாங்கலாம்?" இதுதான் கேள்வி.

நான் ஒன்றைத் திருப்பிக் கேட்பேன். "உங்கள் வீட்டில் அதற்கு என்ன வேலை?" கேட்டவர் விழிப்பார். நாய்க்கு என்ன வேலை, சாப்பிட்டுவிட்டுப் படுத்துக் கிடக்க வேண்டியதுதானே என்பார். அங்கேதான் தகராறு ஆரம்பிக்கிறது.

நம் ஊரில் "ஜாதி நாய்" என்று சொல்வார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை, இனம் என்றே சொல்கிறேன். ஒவ்வோர் இனத்தையும் யாரோ சிலர், ஏதோ ஒரு வேலைக்காக, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்துச் சேர்த்து உண்டாக்கினார்கள். ஜெர்மனியில் அப்போல்டா என்ற ஊரில் வரி வசூலித்துக்கொண்டிருந்த லூயி டோபர்மனுக்கு, பணப்பையோடு நடக்கும்போது பக்கத்தில் வர ஒரு முரட்டுத் துணை வேண்டியிருந்தது என்பார்கள். டோபர்மன் நாய் பிறந்தது. டாக்ஸ்ஹண்ட் என்ற குட்டைக்கால் நாய், மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் பிராணியைத் துரத்திக்கொண்டு வளைக்குள்ளேயே இறங்குவதற்காக வளர்க்கப்பட்டது. அதை வாங்கி வந்துவிட்டு, மல்லிகைப் பாத்தியைத் தோண்டுகிறது என்று என்னிடம் சொன்னால் நான் என்ன மருந்து எழுதித் தருவது?

லேப்ரடாரும் அப்படித்தான். சுட்டு விழுந்த வாத்தைப் பல் படாமல் கவ்விக்கொண்டு வந்து எஜமானிடம் கொடுப்பது அதன் பரம்பரைத் தொழில். உங்கள் செருப்பைக் கவ்விக்கொண்டு வீடு முழுக்க ஊர்வலம் போகிறதென்றால், அது வாத்தைக் கொண்டுவருகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, லேப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பசி அடங்காத ஒரு மரபணு மாற்றம் இருப்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-ல் கண்டுபிடித்தார்கள். பாவம் போலப் பார்க்கிறது என்று இட்லி போட்டுக்கொண்டே இருக்காதீர்கள். வயிறு நிறைந்தாலும் அந்தப் பார்வை மாறாது.

இப்போது என் சொந்தக் கதை. ஊருக்கெல்லாம் உபதேசம் சொல்கிற நான் செய்த தப்பு.

சிவகாசிப் பக்கம் வேலையில் இருந்தபோது ஓர் ஆட்டுக்காரரிடம் கன்னி இனத்துப் பெட்டைக் குட்டி ஒன்று வாங்கினேன். காசு கொடுத்துத்தான் வாங்கினேன், அரசு ஊழியர் பாருங்கள். உடம்பெல்லாம் கறுப்பு, கால்களிலும் கண்ணுக்கு மேலும் செம்பழுப்பு. கல்யாணப் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்ததால் கன்னி என்ற பெயர் வந்தது என்று அந்தப் பக்கத்தில் சொல்வோர் உண்டு. மின்னல் என்று பெயர் வைத்தோம். அவள் அழகுக்காகத்தான் வாங்கினேன். வேறு காரணம் கிடையாது.

கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால் வேட்டையாடும் நாய்கள். முகர்ந்துகொண்டு நிதானமாகப் போகிற கூட்டம் இல்லை. தூரத்தில் ஒன்று அசைந்தால் போதும், ஓட்டம். முயலுக்காக வளர்த்த இனம். இது எனக்குத் தெரியாதா? தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். தெரிந்திருந்தும் மதுரைக்கு மாற்றல் வந்தபோது அவளை நாலடிச் சுவர் வைத்த குடியிருப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பக்கத்து வீட்டில் கோழி வளர்த்தார்கள்.

முதல் வாரமே சுவர் தாண்டினாள். பின்னாலிருந்த பொட்டலில் காற்றில் பறந்த பிளாஸ்டிக் பையைத் துரத்திக்கொண்டு போய்விட்டாள். நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "மின்னல், வா! மின்னல், வா!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். இருபது நிமிடம் கழித்துத் தானாக வந்தாள். வந்தவளைத் துண்டால் இரண்டு போட்டேன். அடுத்த தடவை வருவதற்கு முக்கால் மணி நேரம். அன்றைக்கும் அடி. மூன்றாவது தடவை வரவேயில்லை. பதினைந்தடி தள்ளி நின்றாள், ஒரு முன்னங்கால் தரையில் படாமல், காது இரண்டும் பின்னால் ஒட்டியபடி. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, நேயர்களே. என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் என்ன கற்றுக்கொடுத்திருந்தேன்? ஓடாதே என்று கற்றுக்கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். நாய்க்கு அந்தக் கணக்குப் புரியாது. ஓடியது எப்போதோ, அடி விழுந்தது இப்போது. அடி விழுவதற்குச் சற்று முன்னால் அவள் செய்தது என்ன? என்னிடம் வந்தாள். ஆக, வந்தால் அடி என்றுதான் இரண்டே பாடத்தில் நான் ஒழுங்காகக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். ஓரிரு நொடிக்குள் கிடைப்பதைத்தான் நாய் தான் செய்ததோடு சேர்த்து முடிச்சுப் போடும், பரிசானாலும் அடியானாலும். வீட்டுக்குள் சிறுநீர் கழித்த குட்டியை ஒரு மணி நேரம் கழித்து இழுத்து வந்து மூக்கைத் தேய்ப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

வழி என் மனைவியிடம் இருந்தது. சமையலறையில் பானையைச் சுரண்டிவிட்டு, சாதாரணக் குரலில் "இந்தா" என்பாள். மின்னல் எந்த மூலையில் படுத்திருந்தாலும் நகம் தரையில் சறுக்க வந்து நிற்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. கூப்பிட்டால் வரும் சொல் இந்த வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. நான்தான் வேறு சொல்லை வைத்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

அன்றோடு "வா" என்ற சொல்லை விட்டேன். சட்டைப் பையில் வேகவைத்த ஈரல் துண்டுகள் (அந்தக் கறை இன்றுவரை போகவில்லை, அது தனி வழக்கு), மாட்டுக் கயிறு முப்பதடி நீளத்துக்கு, தினமும் காலையில் பொட்டலில் பத்து நிமிடம். "இந்தா" என்பேன், வந்த உடனே வாயில் துண்டு. வந்த உடனே. ஆறு வாரத்தில் கயிறு இல்லாமலே வந்தாள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சொல் என்றும் கட்டளை போட்டேன். ஒருவர் "சிட்" என்பார், ஒருவர் "உட்கார்" என்பார், பாட்டி "கிட அங்கே" என்பார். இத்தனை பாஷையை நாய் தாங்குமா?

இதோடு நிறுத்தினால் நான் பெரிய பயிற்சியாளன் ஆகிவிடுவேன். ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று குறுக்கே நடந்தது. "இந்தா" என்றேன். மின்னல் கோழியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி கோழியைப் பார்த்தாள். கோழி இறக்கையை அடித்தது. அவ்வளவுதான். கோழியை முடித்துவிட்டுப் பிறகு ஓடிவந்து ஈரலுக்காக நின்றாள். நான் கொடுத்தேன், வந்தாளே! கோழிக்குப் பணம் கொடுத்தேன், கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவரை மூன்றடி உயர்த்தினேன். ஈரல் ஆறு வாரம் செய்த வேலையில் பாதியைக் கொத்தனார் இரண்டே நாளில் செய்தார். பத்து நிமிடப் பயிற்சியால் பல நூறு வருட முயல் வேட்டையை அழிக்க முடியாது. அதனால்தான் வாங்குவதற்கு முன்பே கேளுங்கள் என்கிறேன், அதற்கு என்ன வேலை என்று.

அதற்காக இனத்தின் பெயரே தலையெழுத்து என்றும் நினைத்துவிடாதீர்கள். 2022-ல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவில் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் குணத்தை உரிமையாளர்களிடம் கேட்டு, சுமார் 2,000 நாய்களின் மரபணுவோடு ஒப்பிட்டார்கள். தனித்தனி நாய்களிடையே காணும் குண வேறுபாட்டில் இனத்தால் விளக்க முடிந்தது சுமார் 9 சதவீதம் மட்டுமே. என் கட்சிக்கு இது கொஞ்சம் இடிதான், ஒத்துக்கொள்கிறேன். இந்த இனம் குழந்தைகளோடு நிச்சயம் பழகும், அந்த இனம் நிச்சயம் கடிக்கும் என்றெல்லாம் விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். முடிந்தால் தாயைப் போய்ப் பாருங்கள். மனிதரைக் கண்டு ஒடுங்குகிறதா, அருகில் வருகிறதா என்று பாருங்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாதம் வரையிலான காலத்தில் குட்டி எதையெல்லாம் பயமில்லாமல் பார்த்துப் பழகுகிறதோ, அதெல்லாம் அதற்கு உலகம். குக்கர் விசில், ஆட்டோ, தாத்தாவின் கைத்தடி, எல்லாமே.

2020 ஆகஸ்ட் 30 அன்று வானொலியில், மனதின் குரல் நிகழ்ச்சியில் பிரதமர் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நம் ஊர் நாய் இனங்களின் பெயர்களைச் சொன்னார். அந்த வாரம் என் தொலைபேசி ஓயவில்லை. எல்லோருக்கும் ராஜபாளையம் வேண்டும். 2005-ல் தபால்தலையில் வந்த நாய் அல்லவா, வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. வாங்குங்கள், ஆனால் ஒரு சோதனை செய்யுங்கள். அந்த வெள்ளை நிறத்தோடு சில குட்டிகளுக்குப் பிறவிச் செவிட்டுத்தன்மையும் வந்துவிடுகிறது. கூடப்பிறந்த குட்டிகள் மத்தியில் வைத்துப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது, மற்றவை திரும்பினால் இதுவும் திரும்பும். தனியாக எடுத்து, அதன் பார்வைக்குப் பின்னால், சாக்கின் மேல் சாவிக்கொத்தைப் போடுங்கள். சாக்கு எதற்கு என்றால், வெறும் தரையில் போட்டால் அதிர்வு காலுக்குத் தெரிந்துவிடும். "சொன்ன பேச்சே கேட்பதில்லை, அடங்காப்பிடாரி" என்று என்னிடம் கொண்டுவந்த ஒரு ராஜபாளையம் ஒரு வருடமாக அடி வாங்கியிருந்தது. அதற்குக் காதே கேட்கவில்லை.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து, இரண்டு நிமிடம்தான் பாக்கி என்று, இரண்டு விரல் காட்டுகிறார்கள். சைபீரியன் ஹஸ்கியைப் பற்றி ஐந்து நிமிடம் வைத்திருந்தேன், போயிற்று. பனியில் வண்டி இழுக்கிற நாயை மதுரையில் வளர்க்க வேண்டாம், வளர்த்தாலும் வெயிலுக்கென்று முடியை மழிக்க வேண்டாம், அந்த இரட்டை ரோமம் மழித்தால் சரியாகத் திரும்ப வளராமலும் போகலாம். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களை மத்தியான வெயிலில் நடத்தாதீர்கள், மூச்சு வாங்கித்தான் அவை உடம்பைக் குளிர்விக்க வேண்டும், அதற்கு மூக்கில் இடம் இல்லை. தெருவில் பிறந்த நாட்டு நாய்க் குட்டிகளைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன், நம் வெயிலுக்கு அதைவிடப் பொருத்தமான நாய் கிடையாது, அதற்குத் தனியாக ஒரு நாள் தரச் சொல்லிக் கேட்கிறேன். எந்தக் குட்டியானாலும் மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு வருடா வருடம், அரசுக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். ஒரு விரல் காட்டுகிறார்கள். வணக்கம்.