ஆறும் மேட்டுவழியும் கூடிய இடம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அயர்லாந்தின் பழைய துறவியர் மடம் என்றாலே, அலைகள் மோதும் பாறைத் தீவில் ஊரையும் உறவையும் விட்டுத் தனித்திருந்த சிலரின் கற்குடில்களே நம் மனக்கண்ணில் தோன்றுகின்றன. அத்தகைய மடங்கள் இருந்தன என்பது உண்மை. ஆனால் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட குளோன்மக்னாய்ஸ் அவற்றுள் ஒன்றன்று. நாட்டின் நடுப்பகுதியை வடக்கு தெற்காகப் பிளந்து ஓடும் ஷானன் ஆற்றை, சதுப்பு நிலங்களுக்கிடையே பனியாறுகள் விட்டுச்சென்ற சரளைமேட்டின் மீது கிழக்கு மேற்காகச் சென்ற பெருவழி கடக்கும் இடத்தில், 6ஆம் நூற்றாண்டின் நடுவில் கீரான் என்ற துறவி அதை நிறுவினார். நிறுவிய சிறிது காலத்திலேயே அவர் கொள்ளைநோயில் இறந்தார். மடம் தளரவில்லை; இடம் அப்படி.

அங்கே ஆற்றுக்கடியில் கிடைத்த மரப்பாலத்தின் தூண்களை, மரத்தின் ஆண்டுவளையங்களைக் கொண்டு ஆராய்ந்தவர்கள், அது 804ஆம் ஆண்டளவில் கட்டப்பட்டது எனக் கண்டனர். பாலம் இருந்தால் போக்குவரத்தும், போக்குவரத்து இருந்தால் பொருளும் வரும்; பொருளைத் தேடிக் கொள்ளையரும் வருவர். கொள்ளை என்றதும் கடல்கடந்து வந்த வடநாட்டுக் கொள்ளையரான வைக்கிங்குகளை மட்டும் குறை சொல்வது நமக்கு எளிது. ஆனால் 764இலேயே இம்மடத்தார் அண்டை மடமான டர்ரோவுடன் போரிட்டு, அத்தரப்பில் 200 பேரை வீழ்த்தினர் என்று ஐரிஷ் ஆண்டுக்குறிப்புகள் கூறுகின்றன. துறவியருக்குப் படையா என்று நீங்கள் கேட்கலாம். நிலமும் குடிகளும் மன்னர் உறவும் உடைய மடத்துக்குப் படையும் இருந்தது.

மன்னர் உறவுக்குக் கல்லிலேயே சான்று உண்டு. 909இல் மன்னர் ஃபிளான் சின்னாவும் மடத்தலைவர் கோல்மானும் பெரிய தேவாலயத்தை எழுப்பினர். ஏறத்தாழ 4 மீட்டர் உயரமுள்ள மணற்கற் சிலுவை ஒன்றில் அவ்விருவருக்காகவும் வேண்டிக்கொள்ளுமாறு எழுத்துப் பொறித்துள்ளது. மழையும் காற்றும் அரித்ததால் மூலச் சிலுவையைக் கூரைக்குக் கீழே கொண்டுசென்று, வெளியே அதன் படியொன்றை நிறுத்தியிருக்கிறார்கள். அது சரியான முடிவென்றே நான் கருதுகிறேன்.

கீரானின் கல்லறை எனப்படும் கோயிலோ, உள்ளளவில் 4 மீட்டர் நீளம்கூட இல்லாதது. பயிரையும் கால்நடையையும் காக்கும் என்று நம்பி உழவர்கள் அதன் தரைமண்ணைத் தலைமுறை தலைமுறையாக அள்ளிச்சென்றதால் தரையே தாழ்ந்துபோயிற்று.

இறுதி அடி 1552இல் அத்லோன் கோட்டையிலிருந்த ஆங்கிலப் படையால் விழுந்தது. மணியோ, படிமமோ, நூலோ, சன்னல் கண்ணாடியோ எதுவும் மிஞ்சவில்லை என்று ஆண்டுக்குறிப்பு புலம்புகிறது. ஆயினும், இங்கே எழுதப்பட்டு, கீரான் வளர்த்த பசுவின் பெயரைத் தாங்கிய பழங்கதைச் சுவடி ஒன்று அதற்கு முன்பே மடத்தை விட்டு வேறு கைகளுக்குச் சென்றிருந்தது. அதன் 67 தோலேடுகள் இன்று டப்ளினில் உள்ளன.