காத்திருக்கும் நேரம் யார் கணக்கில்?

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். ஒரு நேயர் கேட்கிறார்: "ஆப் டாக்சி ஓட்டுகிறவர்கள் நினைத்தபோது லாகின் செய்கிறார்கள், வேண்டாமென்றால் ஆஃப் செய்துவிட்டுப் போகிறார்கள். மேலதிகாரி கிடையாது, ஷிஃப்ட் கிடையாது. அப்புறம் எந்த நியாயத்தில் குறைந்தபட்சக் கூலி கேட்கிறார்கள்?"

நிறுவனங்களின் வக்கீல்கள் வைக்கிற வாதமும் ஏறக்குறைய இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சொந்தத் தொழில் என்றால் எப்படி இருக்கும்? ஒரு தச்சர் தன் கூலியைத் தானே சொல்வார். வேலை பிடித்துப்போனால் அடுத்த முறையும் நீங்கள் அவரையே கூப்பிடுவீர்கள். ஆப் டிரைவருக்கு இந்த இரண்டுமே இல்லை. கட்டணத்தை ஆப் சொல்கிறது, நேற்று ஏறிய பயணி இன்று யார் வண்டியில் ஏறுவார் என்பதையும் ஆப்தான் முடிவு செய்கிறது. மேலதிகாரி இல்லை என்கிறீர்கள். ரேட்டிங் இறங்கினால் ஐடியை பிளாக் செய்கிறதே, அதற்கு என்ன பெயர்? ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த உத்தரவு, டிரைவரின் கணக்கை முடக்குவது போன்ற முடிவை மென்பொருளிடம் மட்டும் விடக் கூடாது, மனிதர்தான் எடுக்க வேண்டும் என்கிறது. உறுப்பு நாடுகள் 2026 டிசம்பருக்குள் இதைச் சட்டமாக்க வேண்டும்.

பிரிட்டனில் யாசீன் அஸ்லம், ஜேம்ஸ் ஃபாரர் என்ற இரண்டு டிரைவர்கள் ஊபர் மேல் போட்ட வழக்கைப் பாருங்கள். 2016இல் தொழிலாளர் தீர்ப்பாயத்தில் ஊபர் தோற்றது. அதற்கு மேல் ஒவ்வொரு படியிலும் தோற்று, 2021 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட வேலை எப்படி நடக்கிறது என்பதைத்தான் நீதிபதிகள் பார்த்தார்கள். ஆப்பைத் திறந்து, தன் பகுதியில் சவாரி எடுக்கத் தயாராக உட்கார்ந்திருக்கும் நேரமும் வேலை நேரமே என்று சொன்னார்கள். அடுத்த மாதமே ஊபர் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட டிரைவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி, விடுமுறைச் சம்பளம் எல்லாம் அறிவித்தது. ஆனால் கூலிக் கணக்கை புக்கிங்கை ஏற்றதிலிருந்து பயணி இறங்கும் வரைக்கும் என்று வைத்தது. காத்திருந்த நேரம் மறுபடி டிரைவர் தலையில்.

என்னைக் கேட்டால் மொத்தச் சண்டையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. காலியாக நிற்கிற வண்டி எவ்வளவு அதிகமோ அவ்வளவு சீக்கிரம் பயணிக்கு வண்டி கிடைக்கும். அந்தப் பெயர் நிறுவனத்துக்கு, செலவு டிரைவருக்கு. ஒருவர் பத்து மணி நேரம் லாகினில் இருக்கிறார், சவாரி ஓடியது ஆறு மணி நேரம் என்று வையுங்கள். வருமானத்தை ஆறால் வகுத்தால் நல்ல சம்பளமாகத் தெரியும். பத்தால் வகுத்து, எரிபொருளையும் வண்டிக் கடன் தவணையையும் கழித்துப் பாருங்கள், வேறு கதை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2020 நவம்பரில், ஆப் டிரைவர்களைச் சொந்தத் தொழில் செய்பவர்களாகவே வைக்கலாமா என்று ஒரு வாக்கெடுப்பு நடந்தது. நிறுவனங்கள் இருபது கோடி டாலருக்கு மேல் செலவழித்து ஜெயித்தன. அதில் குறைந்தபட்சக் கூலியில் 120 சதவீதம் தருவதாக வாக்குறுதி. கேட்க ஜோராக இருக்கிறது, ஆனால் அங்கேயும் காத்திருக்கும் நேரத்துக்கு ஒன்றுமில்லை.

நியூயார்க் நகரம் வேறு வழியில் போனது. செலவு போக மணிக்கு 17.22 டாலராவது கையில் நிற்க வேண்டும் என்று 2019இல் விதி வந்தது. வண்டி காலியாக நிற்கும் நேரத்தையும் கட்டணச் சூத்திரத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். அதாவது, காலி வண்டி இனி நிறுவனத்துக்கும் செலவு. உடனே என்ன நடந்தது தெரியுமா? அதே வருடம் லிஃப்ட் என்ற இன்னொரு டாக்சி ஆப் நிறுவனமும் ஊபரும் சவாரி குறைந்த நேரங்களில் டிரைவர்களை லாகின் செய்யவிடாமல் நிறுத்தின. 2024இலும் இது நடந்தது. நேயர் சொன்ன "நினைத்தபோது லாகின்" இருக்கிறதே, செலவு நிறுவனத்தின் பக்கம் நகர்ந்ததும் போய்விட்டது. வெளியே நிறுத்தப்பட்ட டிரைவர்களுக்கு இது பெரிய அடி, அதை மறைக்க வேண்டாம்.

இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு கிக் தொழிலாளி, அதாவது வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்பவர், என்ற சொல்லை வரையறுத்தது. நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை நலநிதிக்குத் தர வேண்டும் என்கிறது. மணிக்கணக்குக் கூலியைப் பற்றி அதில் பேச்சில்லை.

உங்கள் கேள்வியில் ஒரு நியாயம் மிச்சமிருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு டிரைவர் இரண்டு ஆப்பையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தால் அந்த நேரத்துக்கு யார் கூலி தருவது? பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் இதைத் தொட்டது. அந்த வழக்குக் காலத்தில் லண்டனில் அதுபோல வேறு ஆப் புழக்கத்தில் இருந்ததற்குச் சான்று வரவில்லை என்பதால் பிரச்சினை எழாமல் போனது. இன்று பல டிரைவர்களின் போனில் இரண்டு மூன்று ஆப் ஓடுகிறது. அடுத்து வரும் வழக்குகளில் வக்கீல்கள் பிடிக்கப்போகிற நூல் இதுதான் என்று நினைக்கிறேன்.