தேதி தெரியாத தேர்வு
(மதுரையில் கல்லூரி மாணவர்கள், பேராசிரியர்கள் முன் ஆற்றிய உரை)

அவையில் இருக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் மாணவச் செல்வங்களுக்கும் வணக்கம்.

கொரோனா வந்தபோது உங்களில் பலர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அன்று கல்லூரியில் படித்தவர்கள் பட்ட பாடு உங்களுக்கு முழுதாகத் தெரிந்திருக்காது. ஊர் பட்ட பாடு தெரியும். தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் 2020 மார்ச் 25 அன்று நம் ராஜாஜி அரசு மருத்துவமனையில் நிகழ்ந்தது. அந்த ஆண்டு மீனாட்சி திருக்கல்யாணத்தை வீட்டிலிருந்தே திரையில் பார்த்துக் கும்பிட்டோம். அழகர் ஆற்றில் இறங்கவில்லை. ஜூன் 24 முதல் மதுரைக்கு மறுபடியும் முழு ஊரடங்கு.

நோய் பயம் எல்லோருக்கும் இருந்தது. மாணவர்களை அதைவிட அதிகமாக வாட்டியது, தேர்வு உண்டா இல்லையா என்று தெரியாமல் கிடந்ததுதான். இறுதியாண்டு தவிர மற்ற ஆண்டு மாணவர்களுக்கு செமஸ்டர் தேர்வு ரத்து என்று ஜூலையில் அரசு அறிவித்தது. இறுதியாண்டுக்காரர்களுக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வர ஆகஸ்ட் 28 ஆனது. அதுவரை புத்தகத்தை மூடி வைக்கவும் மனசு வராது, திறந்தால் படிக்கவும் ஓடாது. தேர்வு இந்தத் தேதி என்று தெரிந்தால் பதற்றம் அன்றைக்கு உச்சத்துக்குப் போய், முடிந்ததும் இறங்கிவிடும். தேதியே இல்லாத பதற்றம் இறங்குவதற்கு வழி ஏது? அதுதான் தலைவலியாகவும் வயிற்றெரிச்சலாகவும் விடிய விடியத் தூக்கமில்லாமலும் வெளிப்பட்டது.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவியைச் சொல்கிறேன். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம், பி.எஸ்சி. கணிதம். அம்மா விடிகாலையில் மல்லிகை பறிக்கப் போய்விடுவார். வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன். தம்பிக்கும் அதில்தான் பாடம். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி மேல் சாய்த்து வைத்தால்தான் சிக்னல். பத்து மணி வெயிலில் போன் சூடேறி அணைந்துவிடும், பாதி வகுப்பு போச்சு. அந்தப் பிள்ளை என்ன செய்தது தெரியுமா? சாயங்காலம் ஆறு மணிக்கு, பழைய பட்டன் போனில் தோழியைக் கூப்பிடும். தோழி நோட்ஸைப் படிக்கப் படிக்க இது எழுதிக்கொள்ளும். எழுதி முடித்ததும் இரண்டும் வீட்டுக் கதை பேசும், சில நாள் அழும்.

லாசரஸ், ஃபோக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் சமாளிக்கும் வழிகளை இரண்டாகப் பிரித்தார்கள்: பிரச்சினையைக் கையில் எடுத்துத் தீர்ப்பது ஒன்று, அது கிளப்பும் உணர்ச்சியை ஆற்றுவது இன்னொன்று. அந்த ஆறு மணி அழைப்பில் இரண்டும் இருந்தன. நோட்ஸ் கிடைத்தது, மனசும் லேசானது. அழுததை பலவீனம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தேர்வுத் தேதியை அந்தப் பிள்ளையால் மாற்ற முடியாது. மாற்ற முடியாததை ஆற்றிக்கொள்ளத்தான் வேண்டும். அதற்கு ஓர் ஆள் வேண்டும். "தைரியமா இரு" என்று சொல்லிவிட்டுப் போனை வைக்கிறவர் அந்த ஆள் கிடையாது.

அரசு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா இலவசமாகத் தந்தது. நல்ல காரியம். ஆனால் ஊரடங்கு தொடங்கி ஒன்பது மாதம் கழிந்திருந்தது. அதுவரை இப்படிப்பட்ட தோழிகள்தான் கைகொடுத்தார்கள்.

மாணவர்களே, 14416 என்ற எண்ணை இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள். டெலி மானஸ் என்ற இந்த மனநல உதவி எண் 2022 அக்டோபரில்தான் வந்தது. எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இனி எப்போதாவது தேர்வு தள்ளிப்போனால், தேதி முடிவாகும்வரை பேசாமல் இருந்துவிடாதீர்கள். "இன்னும் முடிவாகவில்லை, வெள்ளிக்கிழமை மறுபடி சொல்கிறேன்" என்று வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி போடுங்கள். வெள்ளிக்கிழமையும் முடிவாகவில்லை என்றால், அதையும் அன்றே சொல்லிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.