எந்தச் செலவு எந்தக் கணக்கில்?

நேயர்களுக்கு வணக்கம். வானொலிக்கு வந்து பேசுவதால் ஒரு ரேடியோப் பெட்டியிலிருந்தே தொடங்குகிறேன். 1970களில் சீன நகரங்களில் ஒரு பையனுக்குக் கல்யாணம் என்றால் நாலு சாமான் இருந்தாக வேண்டும்: சைக்கிள், கைக்கடிகாரம், தையல் இயந்திரம், ரேடியோ. 'மூன்று சுற்றும், ஒன்று ஒலிக்கும்' என்று இதற்குச் சொலவடையே உண்டு. நாலில் பொழுதுபோக்குக்கென்று இருந்தது கடைசிச் சாமான் மட்டும்தான்.

சரி, இப்போது? சீனப் புள்ளிவிவரத் துறை வீட்டுச் செலவை எட்டு இனங்களாகப் பிரிக்கிறது. அதில் ஒன்று 'கல்வி, பண்பாடு, பொழுதுபோக்கு'. 2019இல் நகரவாசி ஒருவர் சராசரியாக 28,000 யுவான் செலவழித்தார். இந்த இனத்துக்குப் போனது சுமார் 3,300. நூற்றுக்குப் பன்னிரண்டு. பரவாயில்லையே, ஜாலியாகத்தான் இருக்கிறார்கள் என்று தோன்றும். பள்ளிக் கட்டணம், சினிமா டிக்கெட், பியானோ டீச்சர் சம்பளம் எல்லாமே அந்த ஒரே இனத்துக்குள் கிடக்கின்றன என்று தெரியும்வரை.

எனக்கு இது குமாஸ்தா வசதிக்காகச் சேர்த்த கணக்காக மட்டும் தெரியவில்லை. வீடுகளே அப்படித்தான் நினைக்கின்றன. 1995இல் வாரத்துக்கு இரண்டு நாள் விடுமுறை வந்தது. வந்த சனிக்கிழமையை யார் எடுத்துக்கொண்டார்கள்? பிள்ளைகளின் வகுப்புகள். பியானோ என்றால் கருவி வாங்க வேண்டும், ஆசிரியருக்கு மணிக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டும், அப்புறம் பத்து நிலை தேர்வு, ஒவ்வொன்றுக்கும் கட்டணம். அந்தப் பிள்ளைக்கு அது பொழுதுபோக்கா என்று கேட்டுப்பாருங்கள்! 2021 ஜூலையில் அரசு பள்ளிப் பாடங்களுக்கான டியூஷன் வியாபாரத்தை ஒடுக்கியது. வார இறுதியில் அந்தப் பாடங்களை நடத்தவே கூடாது என்றது. இசையும் விளையாட்டும் அந்தத் தடைக்குள் வரவில்லை.

வீட்டில் நெருக்கடி வந்தால் முதலில் எது வெட்டுப்படும் என்பதை 2020 காட்டியது. ஜனவரி கடைசியிலிருந்து ஜூலை வரை தியேட்டர்கள் மூடிக் கிடந்தன, வகுப்புகளும் முடங்கின. நகரவாசியின் மொத்தச் செலவு நூற்றுக்கு நாலுகூடக் குறையவில்லை; இந்த இனம் மட்டும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கி, 2,600 யுவானுக்கு வந்தது.

இதே வீட்டுப் பாட்டியைப் பாருங்கள். சாயங்காலம் திடலில் ஒரு ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு முப்பது நாற்பது பேரோடு ஆடுகிறார். செலவு கிட்டத்தட்டப் பூஜ்யம். பெய்ஜிங்கில் சொர்க்கக் கோயில் பூங்காவில் தாத்தாக்கள் காலையிலேயே சீட்டாடுகிறார்கள். செங்டு நகரத் தேநீர்க் கடையில் ஒரு கோப்பை வாங்கினால் வெந்நீர் ஊற்றி ஊற்றி மத்தியானம் முழுக்க உட்காரலாம். பேரனின் சனிக்கிழமையைவிட இவர்களின் திங்கட்கிழமை எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. 2023 வசந்தத்தில் ஷாண்டாங் மாகாணத்து ஸிபோ நகருக்கு இளைஞர் கூட்டம் ரயில் ரயிலாகப் போய் இறங்கியது. எதற்கு? கம்பியில் சுட்ட இறைச்சி தின்ன. நாடே அதைப் பற்றிப் பேசியது. ரயில் டிக்கெட் 'போக்குவரத்து, தகவல்தொடர்பு' கணக்கில் போனது, இறைச்சி உணவுக் கணக்கில் போனது. பயணம் முழுக்கப் பார்த்த வீடியோவுக்கான டேட்டா காசும் ரயில் டிக்கெட் போன அதே கணக்கில். இவ்வளவு ஆட்டம் போட்டும் 'பொழுதுபோக்கு' என்ற இனத்தில் அனேகமாக ஒன்றும் ஏறியிருக்காது.

நன்றி, வணக்கம்.