சிக்னல் போட்டீங்க, பார்த்தீங்களா?

வணக்கம் நேயர்களே. வண்டி ஓட்டிக்கொண்டே இதைக் கேட்பவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். கண் சாலையில் இருக்கட்டும், காது மட்டும் எனக்குப் போதும்.

நான் சிங்கப்பூரில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். தடம் மாறுவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "விபத்து, தடம் 1-ஐத் தவிர்க்கவும்" என்று வானொலியில் அடிக்கடி கேட்கிறோமே, அந்தத் தடம்தான். இங்கே வலது ஓரத்திலிருந்து எண்ண வேண்டும். தடம் 1 முந்திச் செல்வதற்கு. முந்தியானதும் இடப்பக்கம் திரும்பிவிட வேண்டும். அங்கேயே குடித்தனம் நடத்துபவர்களைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

என் மகள் உரிமம் எடுத்த புதிதில், புது ஓட்டுநர் என்று காட்டும் முக்கோணப் பலகையை ஒட்டிக்கொண்டு தீவு விரைவுச்சாலையில் போனோம். தோ பாயோ பக்கம், வெளிவழிக்காக இடப்பக்கம் மாற வேண்டும். சிக்னல் போடவே இல்லை. ஏம்மா என்றேன். "போட்டா பின்னாடி வர்றவன் ஸ்பீடு ஏத்திடுவான்ப்பா. சொல்லாம பூந்துடணும்" என்றாள்.

அவள் சொன்னது பொய்யில்லை. நம் ஊர்க் கியாசு குணம், அதாவது எங்கே பின்தங்கிவிடுவோமோ என்ற பதைப்பு, சிக்னல் மின்னும்போதுதான் நன்றாகத் தெரியும். அதுவரை சாவகாசமாக வந்தவருக்குத் திடீரென்று அவசரம் பிறக்கும். சரி, அவர் வேகமெடுத்தால் அதுவும் ஒரு பதில்தானே? விடமாட்டேன் என்கிறார். போகவிட்டு அவருக்குப் பின்னால் நுழையலாம். சொல்லாமல் பூந்தால் அதே பதில் பம்பரில் கிடைக்கும்.

சொல்வதற்கும் நேரம் கொடுக்க வேண்டும். மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 25 மீட்டர். இப்போதைய கார்களில் சிக்னல் குச்சியை லேசாகத் தட்டினால் விளக்கு மூன்று முறை மின்னி அணைந்துவிடும். ஏறக்குறைய இரண்டு நொடி. பின்னால் வருபவர் கவனிப்பதற்குள் முடிந்துவிடும். குச்சியை முழுதாகத் தள்ளுங்கள், மூன்று நொடியாவது மின்னட்டும். மாறியதும் கையால் அணையுங்கள். தடம் மாறும்போது ஸ்டீரிங் கொஞ்சம்தான் திரும்பும் என்பதால் பல நேரம் அது தானாக அணையாது. இரண்டு கிலோமீட்டருக்கு மின்னிக்கொண்டே போகும் காரைப் பின்னால் வருபவர் என்னவென்று நினைப்பார்?

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். விடியற்காலை, தூறல். என் சொந்தக் காரில் புக்கிட் தீமா விரைவுச்சாலையில் போய்க்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் ஜோகூரிலிருந்து வேலைக்கு வரும் மோட்டார்சைக்கிள்கள் சாரை சாரையாக வரும், உங்களுக்கே தெரியும். கண்ணாடியைப் பார்த்தேன், காலி. சிக்னல் போட்டேன். மூன்று நொடி எண்ணினேன். இடப்பக்கம் ஒடித்தேன். ஹார்ன் அலறியது. ஜன்னலை ஒட்டி ஒரு மழைக்கோட்டு ஆடிக்கொண்டு போனது.

வெளிவழியில் இறங்கியதும் சிவப்பு விளக்கு. அந்தத் தம்பி பக்கத்தில் வந்து நின்று, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, சத்தம் போடாமல் கேட்டான்: "அங்கிள், நீங்க சிக்னல் போட்டத நான் பார்த்தேன். நீங்க என்னைப் பார்த்தீங்களா?"

என்ன சொல்வது? பார்க்கவில்லை. நான் 70-ல் போக, அவன் 90-ல் வந்திருந்தால், நான் எண்ணிய அந்த மூன்று நொடியிலேயே பதினாறு மீட்டருக்கு மேல் நெருங்கியிருப்பான். போதாக்குறைக்குப் பக்கக் கண்ணாடி வளைவானது, எதையும் எட்டத்தில் இருப்பதுபோல் காட்டும். சிக்னலுக்கு முன் பார்த்தது பழைய செய்தி. ஒடிப்பதற்குச் சற்று முன் தோளுக்கு மேல் தலையைத் திருப்பி கண்ணாடியில் தெரியாத அந்த பிளைண்ட் ஸ்பாட்டை ஒருமுறை பார்க்க வேண்டும். பயிற்சி நிலையத்தில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பதுதான். உரிமம் கைக்கு வந்த மறுமாதமே கழுத்து பிடித்துக்கொள்கிறது.

லாரிக்கு முன்னால் தெரியும் இடைவெளியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது உங்களுக்காக விட்ட இடம் இல்லை. அந்த லாரி நிற்பதற்கு வேண்டிய இடம். லாரியின் பின்தட்டில் வேலைக்குப் போகும் நம் ஊழியர் தம்பிகள் உட்கார்ந்திருப்பார்கள், சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, பாதிப் பேர் தூக்கத்தில். அங்கே இருக்கைவார் கிடையாது. நீங்கள் குறுக்கே பூந்தால் லாரிக்காரர் பிரேக்கை மிதிப்பார். உங்கள் காரில் ஒரு கீறல்கூட விழாது, நீங்கள் போய்க்கொண்டே இருப்பீர்கள். அங்கே பின்னால் ஒருவர் மேல் ஒருவர் விழுந்திருப்பார்கள்.

மகள் கதையை முடிக்கிறேன். நான் சொன்னதற்காக அன்று சிக்னல் போட்டாள். பின்னால் வந்தவர் வேகமெடுத்தார், அடுத்தவரும் விடவில்லை. வெளிவழி கைவிட்டுப் போனது. "பார்த்தியாப்பா?" என்றாள். அடுத்த வெளிவழியில் இறங்கிச் சுற்றிக்கொண்டு வீடு சேர்ந்தோம். பத்து நிமிடம் தாமதம். ரசம் இன்னும் சூடாகத்தான் இருந்தது.